டெட்ரா வேறு, டெரா வேறு: அலகுகளிலும் வேதிப்பெயர்களிலும் கிரேக்க எண் முன்னொட்டுகள் – முழுமையான வழிகாட்டி

டெட்ரா என்றால் நான்கு. டெரா என்றால் லட்சம் கோடி. இடையில் இருப்பது ஒரே ஒரு 'ட்'. பென்டா என்றால் ஐந்து. பெட்டா என்றால் 1 போட்டு 15 பூஜ்யம். ஹெக்சா என்றால் ஆறு. எக்ஸா என்றால் 1 போட்டு 18 பூஜ்யம். இரண்டு பட்டியலையும் தனித்தனியே மனப்பாடம் செய்தவர்கள்கூட, இரண்டும் ஒரே வினாத்தாளில் வந்தால் தடுமாறுகிறார்கள். காரணம், பெரும்பாலும் வேர்ச்சொல் ஒன்று, வேலை இரண்டு.

அந்த வேலை வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். வேதிப்பெயரில் வரும் முன்னொட்டு எண்ணுகிறது: மூலக்கூறில் இந்த அணு எத்தனை, இந்தத் தொகுதி எத்தனை என்று சொல்கிறது. அளவை அலகில் வரும் முன்னொட்டு பெருக்குகிறது: அடுத்து நிற்கும் அலகை எத்தனை மடங்காக்க வேண்டும் என்று சொல்கிறது. டெகேன் என்றால் பத்து கார்பன் கொண்ட சங்கிலி. டெகாமீட்டர் என்றால் ஒரு மீட்டரின் பத்து மடங்கு. எழுத்தும் மதிப்பும் ஒருசேர ஒத்துப்போகும் இடம் இந்த 'டெகா' மட்டும்தான். நூறில் ஹெக்டோ – ஹெக்டா என்றும், ஆயிரத்தில் கிலோ – கிலியா என்றும் வடிவம் பிரிந்துவிடுகிறது.

ஆகவே எந்தச் சொல்லைப் பார்த்தாலும் முதல் கேள்வி: முன்னொட்டுக்குப் பின்னால் நிற்பது அலகா, அணுவா? மீட்டர், கிராம், வாட், பைட் என்றால் பெருக்குங்கள். ஆக்சைடு, குளோரைடு, மெத்தில், ஹைட்ரேட் என்றால் எண்ணுங்கள்.

படி 1: ஒன்று முதல் பத்து வரை

மோனோ, டை, டிரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா, ஹெப்டா, ஆக்டா, நோனா, டெகா. வேதியியலில் அன்றாடம் தேவைப்படுவது இந்தப் பத்துதான்.

இதில் ஒன்பது மட்டும் கிரேக்கம் இல்லை. கிரேக்கத்தில் ஒன்பது 'என்னெயா', நோனா லத்தீன். தமிழிலும் எட்டுவரை ஒழுங்காக வந்துவிட்டு ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று வரிசை முறுக்கிக்கொள்வதை நினைத்துக்கொண்டால் இந்த விதிவிலக்கு மறக்காது. பதினொன்றுக்கு வரும் 'அன்டெகா'வின் முதல் பகுதியும் லத்தீன்தான்.

படி 2: பத்துக்கு மேல் கட்டுவது

பெரும்பாலான கையேடுகள் இருபதோடு நின்றுவிடும். ஆனால் முறை தெரிந்தால் எந்த எண்ணையும் கட்டலாம். தேவையான கற்கள் இவை: 12 டோடெகா, 20 ஐகோசா, 30 டிரையகான்டா, 40 டெட்ராகான்டா, 50 பென்டாகான்டா, இப்படியே 90 நோனாகான்டா வரை, 100 ஹெக்டா, 200 டிக்டா, 300 டிரிக்டா, 400 டெட்ராக்டா, 1000 கிலியா.

சேர்க்கும் வரிசை தமிழுக்கு நேர் எதிர். நாம் பெரிய இடத்திலிருந்து சொல்வோம்: நானூற்று எண்பத்தாறு. வேதிப்பெயர் சிறிய இடத்திலிருந்து தொடங்கும்: ஆறு – எண்பது – நானூறு, அதாவது ஹெக்சா + ஆக்டாகான்டா + டெட்ராக்டா. எண்ணைத் தமிழில் வாசியுங்கள், கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள், வேலை முடிந்தது. 14 டெட்ராடெகா. 36 ஹெக்சாடிரையகான்டா.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்றும் இரண்டும் தனியாக நிற்கும்போது ஒரு வடிவம், சேர்ந்து நிற்கும்போது இன்னொரு வடிவம் எடுக்கும். தமிழில் 'இரண்டு' என்பது 'இரு' என்றும் 'ஈர்' என்றும் மாறுவதைப் போலத்தான் இது. மோனோ, சேரும்போது 'ஹென்' ஆகும். டை, 'டோ' ஆகும். 41 ஹென்டெட்ராகான்டா, 52 டோபென்டாகான்டா. பதினொன்று மட்டும் விலக்கு: அங்கே ஹென் வராது, அன்டெகாதான்.

அடுத்தது ஐகோசா. முன்னால் உயிரெழுத்தில் முடியும் துண்டு வந்தால் முதலில் உள்ள 'ஐ' விழுந்துவிடும். மெய்யில் முடிந்தால் நிற்கும். 22 டோகோசா, 23 டிரைகோசா, 24 டெட்ராகோசா. ஆனால் 21 ஹெனிகோசா. எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சில நூல்களில் இருபது 'ஐகோசா' என்றும் சிலவற்றில் 'எய்கோசா' என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

படி 3: மெட்ரிக் முன்னொட்டுகள்

1795-இல் பிரான்ஸ் மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியபோது ஓர் அழகான பிரிவினை செய்தார்கள்: மேலே பெருக்குவதற்குக் கிரேக்கம், கீழே வகுப்பதற்கு லத்தீன். டெகா, ஹெக்டோ, கிலோ ஆகியவை கிரேக்கத்தின் பத்து, நூறு, ஆயிரம். டெசி, சென்டி, மில்லி ஆகியவை லத்தீனின் பத்து, நூறு, ஆயிரம். கிலோவும் மில்லியும் ஆயிரம் என்றே பொருள்படும் சொற்கள். எந்த மொழியிலிருந்து வந்தது என்பதுதான் பெருக்கலா வகுத்தலா என்று தீர்மானிக்கிறது. பத்தாயிரத்துக்கு 'மிரியா' என்றொரு கிரேக்க முன்னொட்டும் அப்போது இருந்தது. 1960-இல் இன்றைய எஸ்ஐ முறை (பன்னாட்டு அலகு முறை) வந்தபோது அது இடம்பெறவில்லை.

ஆயிரத்துக்கு மேலே போகும்போது கிரேக்கர்களின் எண்கள் தீர்ந்து, அளவைக் குறிக்கும் சொற்கள் வருகின்றன. மெகா பெரியது, கிகா அரக்கன், டெரா பூதம். கீழே மைக்ரோ சிறியது, நானோ குள்ளன். நம் கணக்கில் சொன்னால் மெகா பத்து லட்சம், கிகா நூறு கோடி, டெரா லட்சம் கோடி.

டெராவுக்கும் டெட்ராவுக்கும் வேர் வேறு. ஆனால் டெரா என்பது ஆயிரத்தை நான்கு முறை பெருக்கிய மதிப்பு. பார்க்க டெட்ராவில் ஓர் எழுத்து குறைந்ததுபோல இருந்தது. 1975-இல் அடுத்த இரண்டு முன்னொட்டுகளை அதே பாணியில் செய்தார்கள்: ஆயிரத்தின் ஐந்தாம் அடுக்குக்குப் பென்டாவில் 'ன்' எடுத்துப் பெட்டா, ஆறாம் அடுக்குக்கு ஹெக்சாவில் 'ஹ்' எடுத்து எக்ஸா. 1991-இல் ஏழுக்கு செட்டா, எட்டுக்கு யோட்டா வந்தன. எட்டைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து பூஜ்யம்போல் தெரியும் என்பதால் முன்னால் 'ய' ஒலி சேர்த்தார்கள். 2022 நவம்பரில் எடை மற்றும் அளவைகளுக்கான பொது மாநாடு ஒன்பதுக்கு ரோன்னா, பத்துக்குக் குவெட்டா என்று இரண்டைச் சேர்த்தது.

இதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. முன்னொட்டில் மறைந்திருக்கும் எண்ணை மூன்றால் பெருக்கினால் பூஜ்யங்களின் எண்ணிக்கை வரும். டெரா 4 × 3 = 12. பெட்டா 5 × 3 = 15. எக்ஸா 18, செட்டா 21, யோட்டா 24, ரோன்னா 27, குவெட்டா 30. பூமியின் நிறை ஏறக்குறைய 6 ரோன்னாகிராம். வியாழனுடையது ஏறக்குறைய 1.9 குவெட்டாகிராம்.

கீழ்நோக்கிய பக்கம் இந்த அளவுக்குச் சீராக இல்லை. 1964-இல் வந்த ஃபெம்டோவும் அட்டோவும் டேனிஷ், நார்வேஜியன் மொழிகளின் பதினைந்து, பதினெட்டு என்ற சொற்கள். அங்கே மறைந்திருப்பது பூஜ்ய எண்ணிக்கையேதான், மூன்றால் பெருக்கக் கூடாது. செப்டோ, யோக்டோ, ரோன்டோ, குவெக்டோ ஆகியவற்றுக்கு மறுபடி மூன்றால் பெருக்கும் விதி பொருந்தும்: 21, 24, 27, 30.

படி 4: அலகு மாற்றும்போது தப்பு நடக்கும் இடங்கள்

நேரான மாற்றம் எளிது. 4.7 நானோஃபாரட் எத்தனை பிக்கோஃபாரட்? நானோ –9, பிக்கோ –12. மூன்று படி கீழே இறங்குகிறோம், சிறிய அலகுக்குப் போனால் எண் பெருகும், ஆகவே 4700. மின்தேக்கியின் மேல் 472 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்: 47-க்குப் பின் 2 பூஜ்யம், பிக்கோஃபாரட்டில். விடை சரியா என்று பார்க்க ஒரே சோதனை போதும்: அலகு சிறுத்தால் எண் பெருக்க வேண்டும், அலகு பெருத்தால் எண் சிறுக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் போயிருந்தால் புள்ளியைத் தவறான பக்கம் நகர்த்தியிருக்கிறீர்கள்.

மதிப்பெண் கரைவது பரப்பிலும் கனஅளவிலும்தான். சதுர சென்டிமீட்டர் என்பது மீட்டரைச் சதுரமாக்கி அதில் நூறில் ஒரு பங்கு எடுப்பதல்ல. முன்னொட்டு முதலில் அலகோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு இரண்டும் சேர்ந்து அடுக்கேறும். சென்டியும் சதுரமாகிறது. எனவே 350 சதுர சென்டிமீட்டர் என்பது 3.5 சதுர மீட்டர் அல்ல, 0.035 சதுர மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் இருப்பது ஆயிரம் சதுர மீட்டர் அல்ல, பத்து லட்சம். கன சென்டிமீட்டர் என்றால் மும்முறை: பத்து லட்சம் கன சென்டிமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு கன மீட்டர்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முன்னொட்டு போடக் கூடாது. பழைய மின்னணு நூல்களில் மைக்ரோமைக்ரோஃபாரட் என்று இருக்கும். இன்று அது பிக்கோஃபாரட். இந்த விதியால் கிலோகிராமுக்கு மட்டும் ஒரு தனி நிலை. அடிப்படை அலகாக இருந்தும் அது ஏற்கெனவே ஒரு முன்னொட்டைச் சுமந்து நிற்கிறது. ஆகவே நிறைக்கு முன்னொட்டு போடும்போது கிராமிலிருந்துதான் தொடங்க வேண்டும்: கிலோகிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோகிலோகிராம் அல்ல, மில்லிகிராம்.

குறியீடுகளில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றல்ல. பெரிய 'எம்' மெகா, சின்ன 'எம்' மில்லி; மாற்றிப் போட்டால் பிழை நூறு கோடி மடங்கு. மெகாவுக்கு மேல் எல்லாம் பெரிய எழுத்து. கிலோவும் அதற்குக் கீழும் சின்ன எழுத்து. பெரிய 'கே' கெல்வினுக்கு உரியது, கிலோவுக்கு அல்ல. டெகாவுக்கு மட்டும் இரண்டு எழுத்து, ஏனெனில் 'டி'யை டெசி எடுத்துக்கொண்டது.

மருந்தளவில் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். மைக்ரோவின் குறி 'மியூ' என்ற கிரேக்க எழுத்து. கையெழுத்தில் அது 'எம்' போலத் தெரிந்தால் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும், அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும். அங்கே மைக்ரோகிராம் என்று முழுச்சொல்லாக எழுதுவதே பாதுகாப்பு.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் இன்னொரு பொறி உண்டு. நம் எழுத்தில் 'ப' இரண்டு ஒலிக்கும் பொது. பெட்டாவைப் 'பீட்டா' என்று எழுதினால் கிரேக்க எழுத்தான பீட்டாவோடு கலந்துவிடும். பெட்டாபைட், பீட்டாத் துகள் என்று வேறுபடுத்தி எழுதுங்கள். ஐயம் வரும் இடத்தில் எண்ணையும் பக்கத்தில் போடுங்கள்: 10¹⁵.

படி 5: இரண்டு தனிமங்கள் சேர்ந்த சேர்மத்துக்குப் பெயர்

முதலில் ஒரு முடிவு: சேர்மம் அலோகங்களால் ஆனதா, உலோகமும் அலோகமும் சேர்ந்ததா? எண் முன்னொட்டு முக்கியமாக முதல் வகைக்கு உரியது. கால்சியத்துக்கும் குளோரினுக்கும் மின்சுமை தெரிந்தது. ஒன்றுக்கு இரண்டு என்பது தானாக வரும். அதனால் கால்சியம் குளோரைடு என்றாலே போதும். அலுமினியம் ஆக்சைடும் அப்படியே.

நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் அப்படி விட முடியாது. ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்ஸிஜன்: நைட்ரஜன் டைஆக்சைடு, பழுப்பு நிற வாயு. இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்ஸிஜன்: டைநைட்ரஜன் டெட்ராஆக்சைடு, நிறமற்றது. விகிதம் ஒன்றே. குளிர்வித்தால் முதலாவது இரண்டிரண்டாக இணைந்து இரண்டாவதாக மாறும், பழுப்பு வெளுக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த 'டை'யும் 'டெட்ரா'வும்தான்.

பெயரிடும் வரிசை: முதல் தனிமத்தின் அணுக்களை எண்ணுங்கள், ஒன்றாக இருந்தால் முன்னொட்டு வேண்டாம். இரண்டாவதை எண்ணுங்கள், ஒன்றாக இருந்தாலும் மோனோ போடுங்கள். அதனால்தான் கார்பன் மோனாக்சைடு. மோனோகார்பன் மோனாக்சைடு அல்ல. இரண்டு குளோரின், ஏழு ஆக்ஸிஜன் என்றால் டைகுளோரின் ஹெப்டாஆக்சைடு. ஒரு கந்தகம், ஆறு ஃபுளோரின் என்றால் கந்தக ஹெக்சாஃபுளோரைடு.

பழைய நூல்களில் டெட்ராக்சைடு, பென்டாக்சைடு என்று உயிரைக் கெடுத்து எழுதியிருப்பார்கள். பெயரிடலுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுபேக்கின் 2005 பரிந்துரை, உயிரைக் கெடுக்காமல் டெட்ராஆக்சைடு, பென்டாஆக்சைடு என்று எழுதச் சொல்கிறது. மோனாக்சைடுக்கு மட்டும் விலக்கு. எதை எடுத்தாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

வழக்கில் ஊறிப்போன ஒரு பெயரிடமும் எச்சரிக்கை: பாஸ்பரஸ் பென்டாக்சைடு. பெயரைப் பார்த்தால் ஐந்து ஆக்ஸிஜன். உண்மை மூலக்கூறில் நான்கு பாஸ்பரஸும் பத்து ஆக்ஸிஜனும் இருக்கின்றன. எளிய விகிதம் மட்டுமே தெரிந்த காலத்துப் பெயர் அது. எடை கணக்கிடும்போது புட்டியின் மேல் எந்த வாய்பாட்டுக்கு மோலார் நிறை (ஒரு மோல் பொருளின் நிறை) போட்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே கையை வையுங்கள்.

படி 6: பிஸ், டிரிஸ், டெட்ராகிஸ் எப்போது

எண்ண வேண்டிய பொருளின் பெயரிலேயே ஏற்கெனவே ஓர் எண் இருந்தாலோ, சாதாரண முன்னொட்டைப் போட்டால் வேறொரு பொருளின் பெயராகிவிடும் என்றாலோ, இரண்டாம் வரிசை முன்னொட்டுகள் தேவை: பிஸ் (2), டிரிஸ் (3), டெட்ராகிஸ் (4), பென்டாகிஸ் (5). 'இருமுறை, மும்முறை' என்பது இவற்றின் பொருள். எண்ணப்படும் தொகுதி அடைப்புக்குறிக்குள் போகும்.

கால்சியம் பாஸ்பேட்டை எடுங்கள்: மூன்று கால்சியம், இரண்டு பாஸ்பேட். 'டிரைகால்சியம் டைபாஸ்பேட்' என்று எழுதினால் சிக்கல், ஏனென்றால் டைபாஸ்பேட் என்ற பெயரில் தனியாகவே ஓர் அயனி இருக்கிறது. அதில் இரண்டு பாஸ்பரஸும் ஏழு ஆக்ஸிஜனும் ஒரே துண்டாக இணைந்திருக்கும். ஆகவே டிரைகால்சியம் பிஸ்(பாஸ்பேட்). அயோடினிலும் இதே கதை. தாலியத்தோடு மூன்று அயோடின் சேர்ந்த சேர்மத்தில் அந்த மூன்றும் கைகோத்து ஒரே டிரைஅயோடைடு அயனியாக நிற்கின்றன. தனித்தனி அயோடைடு மூன்று என்று சொல்ல வேண்டுமானால் டிரிஸ்(அயோடைடு).

அணைவுச் சேர்மங்களில் எத்திலீன்டைஅமீன் ஈனியாக, அதாவது மைய உலோக அணுவோடு இணையும் துண்டாக, வரும்போது பெயருக்குள்ளே 'டை' இருக்கிறது. மூன்று வந்தால் டிரிஸ்(எத்திலீன்டைஅமீன்). அம்மோனியா ஆறு வந்தால் அந்தக் கவலை இல்லை: ஹெக்சாஅம்மீன். அங்கே 'ஹெக்சா'வின் 'ஆ', 'அம்மீன்' என்பதன் 'அ' இரண்டையும் விடாமல் எழுதுங்கள்.

படி 7: ஹைட்ரேட்டை நிறுப்பது

ஆய்வகத்தில் முன்னொட்டு நேரடியாகத் தராசுத் தட்டுக்கு வரும் இடம் இதுதான். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட்: ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறு. அதன் மோலார் நிறை 249.7 கிராம், நீரற்றது 159.6 கிராம். நீலப் படிகத்தின் எடையில் 36 விழுக்காட்டுக்கு மேல் வெறும் தண்ணீர்.

லிட்டருக்கு 0.1 மோல் கரைசல் ஒரு லிட்டர் வேண்டும் என்று வையுங்கள். பென்டாஹைட்ரேட் என்றால் 24.97 கிராம், நீரற்றது என்றால் 15.96 கிராம். நீரற்றதற்கான கணக்கைப் போட்டுவிட்டு நீலப் படிகத்தில் 15.96 கிராம் எடுத்தால் கிடைப்பது 0.064. மறுபுறம், 24.97 கிராம் வெள்ளைப் பொடியை எடுத்தால் 0.156. இரண்டுமே நீலமாகத்தான் கரையும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நிறுப்பதற்கு முன் புட்டியில் உள்ள முன்னொட்டை வாய்விட்டு வாசியுங்கள், அதை 18.015 ஆல் பெருக்கி நீரற்ற நிறையோடு கூட்டுங்கள், வந்த எண் புட்டியில் உள்ள மோலார் நிறையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

புட்டியின் பெயரே பொய்யாகும் நேரமும் உண்டு. சோடியம் கார்பனேட் டெகாஹைட்ரேட் (286.1 கிராம்) உலர்ந்த காற்றில் நீரை இழந்து மோனோஹைட்ரேட்டாக (124.0 கிராம்) மாறும். கண்ணாடிபோல இருந்த படிகம் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் லேபிளை நம்பாதீர்கள். துல்லியம் தேவைப்பட்டால் நீரற்ற சோடியம் கார்பனேட்டையே உலர்த்திப் பயன்படுத்துங்கள்.

பின்னங்களுக்கும் முன்னொட்டு உண்டு: அரை 'ஹெமி' (கிரேக்கம்), ஒன்றரை 'செஸ்குவி' (லத்தீன்). பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கால்சியம் சல்பேட் ஹெமிஹைட்ரேட், அதாவது இரண்டு கால்சியம் சல்பேட்டுக்கு ஒரு நீர். தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் அது டைஹைட்ரேட்டான ஜிப்சமாகி இறுகுகிறது.

படி 8: கரிமச் சேர்மங்கள்

மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் நான்கிலும் எண் இல்லை. அவற்றை அப்படியே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஐந்திலிருந்து எண் ஆட்சிக்கு வருகிறது: பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன், நோனேன், டெகேன்.

இங்கே ஒரே பெயரில் இரண்டு எண்ணிக்கை வரும். 2,2,4-டிரைமெத்தில்பென்டேன் என்பதில் 'பென்டா' முதன்மைச் சங்கிலியின் நீளம், 'டிரை' கிளைகளின் எண்ணிக்கை. கார்பன் மொத்தம் 5 + 3 = 8. பெட்ரோலின் ஆக்டேன் எண்ணுக்கு 100 என்று வைத்த ஐசோஆக்டேன் இதுதான்.

அகரவரிசையில் ஒரு நுணுக்கம். கிளைகளை வரிசைப்படுத்தும்போது டை, டிரை கணக்கில் வராது: 4-எத்தில்-2,2-டைமெத்தில்ஹெப்டேன், எத்தில்தான் முன்னால். வரிசை ஆங்கில எழுத்துப்படி என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ் அகராதிப்படி குளோரோ முன்னால், புரோமோ பின்னால். ஆனால் சரியான பெயர் 1-புரோமோ-2-குளோரோஈத்தேன்.

கடைசியாக ஒரு நீண்ட பெயரைப் பிரித்துப் பார்ப்போம்: 4,7,10,13,16,19-டோகோசாஹெக்சாயினோயிக் அமிலம், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலம். 'டோகோசா' 22 கார்பன். 'ஹெக்சாயின்' ஆறு இரட்டைப் பிணைப்பு. 'ஓயிக்' கார்பாக்சிலிக் அமிலம். இப்போது முன்னால் உள்ள எண்களை எண்ணுங்கள்: ஆறு. 'ஹெக்சா' சொன்னதும் ஆறு. ஐந்தே எண் இருந்தாலோ ஏழு இருந்தாலோ பெயரை எழுதியவர் எங்கோ தவறியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்கக் கட்டமைப்பு வாய்பாட்டை வரையக்கூடத் தேவையில்லை.